விண்கலத்தில் மின்சாரம்: பளுவின் கணக்கு

கொச்சித் துறைமுகத்தின் மேற்குக் கரையில் உள்ளது தோப்பும்படி. அங்கிருந்து வெல்லிங்டன் தீவைக் கடந்து எர்ணாகுளம் கரையை அடைந்தால் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தைக் காணலாம். அத்தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் பயணிகள் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார். இப்படகில் ஹைட்ரஜன் எரிக்கப்படுவதில்லை. ஒரு பாலிமர் சவ்வின் வழியாக அது ஆக்சிஜனுடன் வினைபுரிய, மின்சாரமும் நீரும் கிடைக்கின்றன. இவ்வகை எரிபொருள் மின்கலம் 1965லேயே மனிதரை ஏற்றிச் சென்ற விண்கலம் ஒன்றில் பணிபுரிந்துள்ளது. விலை மிகுந்த இச்சாதனத்தை அன்று நாடியதற்குக் காரணம் பளுவே.

1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் மேற்கொண்ட பயணம் 108 நிமிடங்களில் முடிந்தது. அவருடைய வோஸ்தோக் கலத்திற்கும், அமெரிக்காவின் மெர்குரி கலங்களுக்கும் வெள்ளி-துத்தநாக மின்கலங்களே போதுமானவையாக இருந்தன. ஆனால் பயண நாட்கள் இரட்டித்தால் மின்கலங்களின் பளுவும் ஏறத்தாழ இரட்டிக்கும். பொருளியல் மாணவருக்குப் பழக்கமான சொற்களில் கூறுவதாயின், இங்கு நிலைச் செலவு குறைவு, மாறும் செலவு மிகுதி. எரிபொருள் மின்கலத்தில் தொடக்கப் பளு கூடுதல். ஆயினும் ஒவ்வொரு நாளுக்கும் சிறிதளவு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்த்தால் போதும். சூரிய மின்தகட்டில் மாறும் செலவு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் தகடு விரிய வேண்டும், கதிரவனை நோக்க வேண்டும். 1967 ஏப்ரலில் சோயுஸ்-1இன் இரு தகடுகளில் ஒன்று விரியாமற் போகவே மின்பற்றாக்குறை நேர்ந்தது.

நான்கு நாட்கள் பறந்த ஜெமினி-4 மின்கலங்களையே நம்பியது. 1965 ஆகஸ்டில் ஏறத்தாழ எட்டு நாட்கள் பறந்த ஜெமினி-5இல்தான் கூப்பரும் கான்ராடும் எரிபொருள் மின்கலத்துடன் சென்றனர். பயணத்தின் தொடக்கத்திலேயே ஆக்சிஜன் தொட்டியின் சூடேற்றி பழுதாகி, அழுத்தம் பெரிதும் சரிந்தது. கருவிகள் பலவற்றை நிறுத்தி வைத்தனர். குறைந்த அழுத்தத்திலும் கலம் மின்சாரம் தந்தது.

அப்போலோவில் மூன்று எரிபொருள் மின்கலங்கள் இருந்தன. அவற்றில் உண்டான நீரை வீரர்கள் பருகினர். ஒன்று பழுதானாலும் மற்றவை காக்கும் என்பது திட்டம். மூன்றுக்கும் ஆக்சிஜன் தந்தவையோ அருகருகே அமைந்த இரு தொட்டிகள். 1970 ஏப்ரல் 13ஆம் நாள் அப்போலோ-13இல் ஒரு தொட்டி வெடித்தபோது மற்றதும் சேதமுற்று, மூன்று மின்கலங்களும் அடுத்தடுத்து ஓய்ந்தன. விசாரணையில் வெளிப்பட்ட காரணம் அரசு அலுவலர் எவரும் கருதத்தக்கது. தொட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டு விசைகள் 28 வோல்ட்டுக்கு உரியவை. ஏவுதளத்தில் 65 வோல்ட் மின்சாரம் பயன்படும் என விவரக்குறிப்பு திருத்தப்பட்டிருந்தும் விசைகள் மாற்றப்படவில்லை. பறப்பதற்கு முந்திய சோதனையில் அவை உருகி ஒட்டிக்கொண்டன. கட்டுக்கடங்காத வெப்பம் கம்பிகளின் உறையைக் கெடுத்துவிட்டது. நிலவில் இறங்க இருவருக்கென அமைந்த சிறுகலத்தின் வெள்ளி-துத்தநாக மின்கலங்களே, மின்நுகர்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்ட நிலையில், மூவரையும் ஏப்ரல் 17ஆம் நாள் புவிக்கு மீட்டன.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா தங்கிய சல்யூத்-7 நிலையம் சூரிய மின்தகடுகளால் இயங்கியது. 1985 பிப்ரவரியில், ஆளில்லாத வேளையில், அது முற்றிலும் மின்சாரம் இழந்தது. தகடுகள் நன்றாகவே இருந்தன. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் உணர்கருவியின் பிழையால் மின்கலங்கள் வெறுமையாகிவிட்டன. ஜூனில் சென்ற ஜானிபெக்கோவும் சவினிக்கும் நீர் உறைந்து கிடந்த நிலையத்தினுள் நுழைந்து, மின்கலங்களைத் தகடுகளுடன் நேரே இணைத்து உயிரூட்டினர்.

எரிபொருள் மின்கலத்தை இந்தியா விண்ணில் சோதித்தது அண்மையில்தான். 2024 ஜனவரி 1ஆம் நாள் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி58இன் இறுதிக் கட்டத்தில், திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 100 வாட் வகைக் கலம் பொருத்தப்பட்டிருந்தது. குறுகிய சோதனையில் அது 180 வாட் வரை அளித்தது. வீட்டு மின்விசிறிகள் இரண்டுக்குப் போதுமான அளவுதான். வாயுக்கள் உயர் அழுத்தக் கலன்களில் அடைக்கப்பட்டிருந்தன. பல நாள் பயணத்திற்கு அவற்றை, ஜெமினியிலும் அப்போலோவிலும் செய்ததுபோல, கடுங்குளிரில் தேக்கியாக வேண்டும். அத்தகைய தொட்டிதான் அப்போலோ-13இல் வெடித்தது.