சிற்றுருவ ரயிலும் பந்தயக் காரும்

மோட்டார்ப் பந்தயத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர் பலர். பந்தயக் காரில் ஏறி அமரும் வாய்ப்புப் பெறுபவரோ மிகச் சிலர். ஏனையோர் பந்தயத்தைப் பார்ப்பர். அதைப் பற்றிப் படிப்பர். சின்னஞ்சிறு உலோகக் கார்களை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பர். ஆனால் அக்கார் ஓடிய சாலையும், அது திரும்பிய வளைவும், பின்னால் நின்ற ஊரும் பேழைக்குள் வருவதில்லை. இக்குறையைத் தீர்க்க வல்லது சிற்றுருவ ரயில் அமைக்கும் கலை. பந்தயத்துக்கும் ரயிலுக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம்.

உறவு பழையதுதான். லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம் 1920-இல் பொம்மை ரயில்களை விற்கத் தொடங்கியது. அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கென்றே 1930-களின் முற்பகுதியில் அது சிறு கார்களையும் வார்த்தது. 1934-இல் அவை டிங்கி என்னும் பெயர் பெற்றன. உண்மையான ரயிலின் ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்குவது அக்கால ஆங்கிலேயக் கணக்கு. அதாவது நாற்பத்து மூன்றரையில் ஒரு பங்கு. இன்று பந்தயக் கார் சேகரிப்போர் விரும்பும் 1:43 என்னும் அளவு ரயிலிடமிருந்து வந்ததே. ரயிலுக்குத் துணையாக வந்த கார் பின்னர் தனிக்குடித்தனம் போய்விட்டது.

இன்று பெரும்பாலோர் கையாளும் அளவு இன்னும் சிறியது: 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஆள் 2 சென்டிமீட்டர் உயரம். பந்தயக் கார் ஏறத்தாழ நாலரைச் சென்டிமீட்டர் நீளம்.

காரும் ரயிலும் உண்மையாகவே ஒன்றுகூடிய இடம் மொனாக்கோ. அங்கே 1868-இல் ரயில் வந்தது. 1929-இல் கிராண்ட் பிரீ பந்தயம் தொடங்கியது. அப்பந்தயப் பாதையின் மிகக் குறுகிய கொண்டையூசி வளைவு மான்டி கார்லோ ரயில் நிலையத்தின் எதிரிலேயே இருந்தது. ஆகவே அதற்கு 'நிலைய வளைவு' என்று பெயர். செயின்ட் தேவோத் கோயிலுக்கு மேலே ரயில் பாலமும் இருந்தது. 1960-களில் ரயில் சுரங்கப் பாதைக்குப் போய்விட்டது. நிலையம் இடிக்கப்பட்டு, 1970-களில் அவ்விடத்தில் பெரிய ஓட்டல் எழுந்தது. வளைவின் பெயரும் மாறிற்று. 1999-இல் திறக்கப்பட்ட ஊரின் புதிய நிலையம் பாறைக்குள் இருக்கிறது. பழைய நிலையத்தின் முன் கார்கள் திரும்பும் காட்சியை இனி எந்தப் பயணச் சீட்டு வாங்கியும் காண முடியாது. கையால் அமைத்தால்தான் உண்டு.

1955-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போதைய பாதையின் நீளம் 3,145 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 36 மீட்டர்! எந்த வீட்டில் இடம் இருக்கிறது? தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 42 மீட்டர். அதற்கே அரை மீட்டர் உயரம் வேண்டும். எனவே முழு ஊரையும் விட்டுவிட்டு, நிலையத்தையும் வளைவையும் மட்டும் 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையில் அமைப்பதே அறிவுடைமை. நீளத்தைக் குறைக்கலாம், கட்டடத்தின் உயரத்தையும் சாலையின் சரிவையும் குறைத்தால் ஊர் வேறு ஊராகிவிடும். ரயில் பாதையின் வளைவுதான் தொல்லை தரும். உண்மை ரயில் 300 மீட்டர் ஆரத்தில் திரும்புமானால் மாதிரியில் அது மூன்றரை மீட்டராகும். நாம் அமைக்கக் கூடியதோ அரை மீட்டர்கூட இராது. இந்தப் பொய்யைக் குகைக்குள் மறைத்துவிடலாம். மலையோரப் பாதையாதலால் குகை இருப்பது எவருக்கும் வியப்பளிக்காது.

இனி வேகம். பந்தய அன்பர் தடுமாறும் இடம் இதுதான். 1957-இல் வந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் போன்ற பள்ளத்தடக் கார்கள் 32-இல் ஒரு பங்கு அளவுடையவை. அவற்றுள் ஒன்று நொடிக்கு 3 மீட்டர் ஓடினால், உண்மைக் கணக்கில் அது மணிக்கு 345 கிலோமீட்டர். 1955-இல் மொனாக்கோவைச் சுற்றிய கார்களின் சிறந்த சராசரி வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரை ஒட்டியதே. 87-இல் ஒரு பங்கில் அது நொடிக்கு 35 சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் காரை ஓட்டிக் காட்டினால் ஆமை என்று நகைப்பர். ரயிலுக்கு இந்தச் சங்கடம் இல்லை. மெல்ல நகர்வதே அதற்கு அழகு.

ஆகவே என் கருத்து இது: ரயில் ஓடட்டும், கார் நிற்கட்டும். ஓடுவதுபோல் ஒட்டிவைத்த கார் சிறிது நேரத்தில் செத்த பொருளாகத் தோன்றும். நிற்க வேண்டிய வேளையில் நிற்கும் காரோ உயிருடன் இருக்கும். பயிற்சி நாள் காலையில் இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்கள், ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், நிலையத்தில் இறங்கி வரும் கூட்டம் ஆகியவை போதும். துறைமுகத்தையும் சேர்க்கத் துணிபவர், அவ்வாண்டு மே 22-ஆம் நாள் அஸ்காரியின் லான்சியா கார் கடலில் பாய்ந்ததை நினைவிற் கொள்ளலாம். அவர் உயிர் தப்பினார். நான்கே நாளில் மோன்சாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் உயிரிழந்தார். அதனால் பாய்ந்த கணத்தைவிட, பந்தயம் முடிந்து அமைதியான அந்த மாலை நீரை அமைப்பதே எனக்குத் தகுந்ததாகப் படுகிறது.

நிலையத்தில் நிறுத்த 141ஆர் என்னும் நீராவி எஞ்சின் பொருத்தமானது. போருக்குப்பின் பிரான்சுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வகையில் 1,340 எஞ்சின்கள் கட்டப்பட்டன; அவற்றில் 17 வழியிலேயே கடலில் மூழ்கின.

காரை ஓட்டியே தீரவேண்டும் என்பார்க்கும் வழி பிறந்திருக்கிறது. ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கிய மினியட்டூர் வுண்டர்லாந்து என்னும் மாபெரும் காட்சிக்கூடம், 2024-இல் மொனாக்கோப் பகுதியைத் திறந்தது. சாலைக்கு அடியில் பரப்பிய மின்சுற்றுத் தகடுகளின் காந்த விசையால் அங்கே பந்தயக் கார்கள் ஓடுகின்றன. ஆயினும் அது இன்றைய மொனாக்கோ. பழைய நிலையத்தை விரும்புபவர் அக்காலச் செய்திப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் துருவ வேண்டும். படம் எடுத்தவர்கள் காரையே குறிவைத்தார்கள். சன்னல் எத்தனை, கூரை எப்படி என்பதெல்லாம் பின்னால் மங்கலாகத்தான் விழுந்திருக்கும். படத்தில் எங்கும் அகப்படாத பின்புறத்தை அறைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடலாம்.