சிஆர்பி கூடினால் ஈறு நோயா?

ஈறு நோயை ரத்தத்திலேயே கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் சிஆர்பி சலுகைப் பரிசோதனை இந்த மாதக் கடைசியோடு முடிகிறதாம். பெம்பானிலிருந்தும் ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி: சிஆர்பி கூடுதலாக இருந்தால் பல்லைப் பிடுங்க வேண்டுமா?

வேண்டாம். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம். அதைச் செய்வது வாய் அல்ல, கல்லீரல். ஈறுக்கடியில் கிருமி தங்கினால், அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலை உசுப்பிவிடும். அது எங்கிருந்து வந்தது என்று கல்லீரல் பார்ப்பதில்லை. காலில் சீழ்ப் புண்ணோ, தொப்பைக் கொழுப்போ, கடைவாய் ஈறோ, எல்லாவற்றுக்கும் அதே சிஆர்பிதான். 1930இல் இதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில். ‘ஈறு நோய்ப் பரிசோதனை’ என்பது விற்கிறவர்கள் வைத்த பெயர்.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. கடுமையான ஈறு நோயுள்ள 120 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈறுக்கடியில் வேர்வரை சுரண்டித் தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் அவர்களுக்கு சிஆர்பி குறையவில்லை, எகிறியது. ரத்தக் குழாய் விரியும் திறனும் சரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதே குழாய்கள் சாதாரணச் சிகிச்சை பெற்றவர்களுடையதைவிட நன்றாக விரிந்தன. ஆகவே, சனிக்கிழமை பல் கிளினிக்கில் சுத்தம் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுத்தால், வைத்தியமே வியாதியாகத் தெரியும். ஏறியது தானாக இறங்கும். இந்தப் புரதம் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஈறு வைத்தியத்தால் நிலையாகக் குறைவதோ சராசரியாக லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான். ஒரு காய்ச்சல் வந்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகும்.

மலேசியப் பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஈறுப் பிரச்சினை என்கிறது 2010 தேசியக் கணக்கெடுப்பு. பல்லில் காறை படிந்திருந்தாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். விளம்பரக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பலன் உண்டா? உண்டு, ஈறு வைத்தியத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில், நீண்ட நாள் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி இறங்குகிறது, ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாரடைப்பு? தொடர்பு இருக்கிறது, ஈறு வைத்தியம் அதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது.

ஈறில் ரத்தம் வரவில்லையே? சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் முற்றினாலும் குறைவாகத்தான் கசியும்.

அப்படியானால் எந்தப் பரிசோதனை? பல் டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டு ஆழம் பார்ப்பார். 4 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும். இதற்கு ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம்.