ஏரிக்கரைக் கூடாரத்தில் இரண்டு இரவுகள்: அயல்நாடு செல்லும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில குறிப்புகள்

கோடைக்காலம் நெருங்கும்போது எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. அமெரிக்காவில் வாழும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோர், விசா, விமானச் சீட்டு, மூன்று மாதத்துக்கான மாத்திரை என எல்லாவற்றையும் பேசி முடித்தபின், எழுந்து செல்லும் வேளையில் தயங்கி நின்று கேட்கிறார்கள்: "பேரப்பிள்ளைகளின் விடுமுறையில் காட்டுக்குள் ஏதோ ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். எங்களையும் அழைக்கிறார்கள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு போகலாமா?"

பெரும்பாலோர் தாராளமாகப் போகலாம் என்பதே எங்கள் விடை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வீட்டில் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒழுங்கு உங்களுடன் காட்டுக்கும் வர வேண்டும். உடன் வருவோரில் ஒருவருக்காவது உங்கள் நோயின் முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு நிறைவேற்றுவது என்பதையே இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநில அரசும் காடு, ஏரி, ஆற்றங்கரை ஆகியவற்றைப் பொதுமக்களுக்கெனப் பாதுகாத்து வைத்துள்ளது. அவற்றை மாநிலப் பூங்காக்கள் என்பர். பூங்கா என்ற சொல்லைக் கேட்டு நம் ஊர்ப் பூங்காக்களை எண்ணிக்கொள்ள வேண்டாம். எடுத்துக்காட்டாக, மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள இட்டாஸ்கா மாநிலப் பூங்கா 1891ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல். இருநூறு ஆண்டுகளைக் கடந்த பைன் மரங்கள் அங்கே நிற்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலக்கும் மிசிசிப்பி ஆறு, இட்டாஸ்கா ஏரியிலிருந்து சிறு ஓடையாகப் புறப்படுகிறது. அவ்விடத்தில் கற்களின் மேல் கால் வைத்து அந்தப் பேராற்றைக் கடந்துவிடலாம். பேரப்பிள்ளைகளுடன் காண வேண்டிய காட்சிதான்.

அதே வேளையில், அருகிலுள்ள பார்க் ராபிட்ஸ் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தகைய காடுகளில் கைபேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைப்பதில்லை. வீட்டில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் உதவி இங்கே வந்து சேர நேரமாகும். ஆகவே முதல் உதவி உங்கள் பையிலேயே இருக்க வேண்டும்.

சூரியனைப் பார்த்து உண்ணாதீர்கள்

வடக்கே செல்லச் செல்லக் கோடைப் பகல் நீளும். ஜூன் மாதத்தில் இட்டாஸ்காவில் சூரியன் மறைவது இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே. மாலை ஏழு மணிக்கும் நல்ல வெயில் இருக்கும், பிள்ளைகள் படகிலிருந்து இறங்க மாட்டார்கள், அடுப்பு மூட்டப்பட்டிருக்காது. நம் உடம்போ வழக்கமாக எட்டு மணிக்கு உணவை எதிர்பார்க்கும். உணவு தாமதமாகும், மருந்து மட்டும் உள்ளே சென்றிருக்கும். சர்க்கரை சரியும் சூழல் இதுவே.

இன்சுலின் போடுவோரும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. உணவு கண்ணெதிரே வந்தபின் மருந்து என்ற முறையை முகாமில் பின்பற்றலாமா, அவ்வாறாயின் எந்த மருந்துக்கு, என்பதை உங்கள் மருத்துவரிடம் புறப்படும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் மினசோட்டாவின் நேரம் நம் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. பயண நாளில் இன்சுலினை எப்போது போடுவது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

குளிரும் இரவில் வியர்த்தால்

பகலில் நடந்த நடையின் விளைவு பகலோடு முடிவதில்லை. உழைத்த தசைகள் பல மணி நேரம் வரை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் சரியாக இருந்த அளவு, நள்ளிரவுக்குப் பின் இறங்கக்கூடும். எனவே முகாமில் உறங்கும் முன் கட்டாயம் ஒருமுறை குளுக்கோமீட்டரில் அளவு பாருங்கள்.

வடக்குக் காடுகளில் கோடையிலும் இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அத்தகைய குளிரில் உறங்கும் ஒருவருக்கு வியர்த்தால், அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல் ஆகியவையும் சர்க்கரைக் குறைவின் அறிகுறிகளே. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளித்தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும்.

அளவு 70க்குக் கீழே இருந்தால், 15 கிராம் சர்க்கரைச் சத்து உடனே தேவை. மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். அரை டம்ளர் பழச்சாறும் போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். ஏறவில்லையெனில் இன்னொரு முறை கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 911 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கைபேசிக்குத் தொடர்பு எங்கே கிடைக்கிறது, உங்கள் கூடாரம் அமைந்த இடத்தின் எண் என்ன என்பவற்றை முதல் நாளே எல்லோரும் அறிந்து வைத்திருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. இக்காடுகளில் கருங்கரடிகள் வாழ்கின்றன. ஆகவே மணமுள்ள உணவு எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது என்பது முகாம் விதி. சர்க்கரை நோயாளிக்கோ இனிப்பு கைக்கெட்டும் தொலைவில் வேண்டும். இன்சுலின் போடுவோர் கூடாரத்தைத் தவிர்த்து, கதவும் கூரையும் உள்ள மரக்குடிலை முன்பதிவு செய்வதே நன்று. இட்டாஸ்கா உட்படப் பல பூங்காக்களில் அவ்வசதி உண்டு. கட்டிலில் படுத்து எழுவது முழங்கால் வலி உள்ளோருக்கும் எளிது. கூடாரமே அமைந்துவிட்டால், குளுக்கோஸை எங்கே வைக்கலாம் என்று பூங்கா அலுவலரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஏதுமில்லை.

இன்சுலின்: ஒரு முக்கிய எச்சரிக்கை

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவு கொண்டது. அமெரிக்காவில் விற்கப்படுவது பொதுவாக 100 யூனிட் செறிவு கொண்டது. ஊசிகளின் அளவுக்கோடுகளும் அதற்கேற்ப வேறுபடும். அங்கு வாங்கிய 100 யூனிட் இன்சுலினை, இங்கிருந்து கொண்டுசென்ற 40 யூனிட் ஊசியில் 20 என்ற கோடு வரை ஏற்றினால், உடம்புக்குள் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். இது உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, நம் குப்பி மருந்தை அவர்கள் ஊசியில் 20 வரை ஏற்றினால் 8 யூனிட்தான் செல்லும். எனவே மருந்தையும் ஊசியையும் ஒரே இடத்தில், போதிய அளவு வாங்கிச் செல்லுங்கள். பேனா வகை இன்சுலின் நம் நாட்டிலும் பொதுவாக 100 யூனிட் செறிவு கொண்டது. இருப்பினும் உறையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். முகாமில் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்போர், பனிக்கட்டியின்மேல் நேரடியாகப் படும்படி வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை, உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதும் தவறு.

காலும் ஏரியும் நெருப்பும்

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூடாரத்திலிருந்து ஐந்தடி தொலைவுக்கும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். முதல் நாள் இரவு நெருப்பு மூட்டிய இரும்பு வளையமும் சாம்பலும் காலை வரை சூடாக இருக்கலாம்; சுடுவது உங்களுக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும். ஒவ்வொரு இரவும் கைவிளக்கின் ஒளியில் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள், அல்லது பார்க்கச் சொல்லுங்கள்.

காலில் புண் உள்ளவர்கள் ஏரியில் இறங்கலாகாது. பச்சை வண்ணம் கரைத்தது போல நீர் தோன்றினால் நச்சுப்பாசி இருக்கலாம். யாரும் இறங்க வேண்டாம். இதய நோயாளிகள் குளிர்ந்த நீரில் திடீரெனக் குதிப்பதைத் தவிர்க்க வேண்டும். படகில் ஏறுவோர் நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும். தெளிவாகத் தெரிந்தாலும் ஏரி நீரை அப்படியே குடிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புகை வராத பக்கமாக அமருங்கள். குளிருக்காகக் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு செல்வது கூடவே கூடாது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழாமலே செய்துவிடும்.

உண்ணிக்கடியும் ஊர் திரும்பிய காய்ச்சலும்

மினசோட்டா, விஸ்கான்சின், நியூயார்க் முதலிய மாநிலங்களின் காடுகளில், கருங்கால் உண்ணி என்னும் சிறு உயிரி லைம் நோயைப் பரப்புகிறது. முழுக்கைச் சட்டையும் வெளிர்நிறக் காற்சட்டையும் அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். நடந்து திரும்பியதும் குளித்து, அக்குள், முழங்காலின் பின்புறம், காதோரம், தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலுக்கு மிக அருகே பற்றி நேராக மேலே இழுங்கள். தீயால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். நோய்க்கிருமி உடலில் நுழைவதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே அன்றன்றே தேடி எடுப்பதுதான் சிறந்த காப்பு.

கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, வட்டமாக விரியும் சிவந்த தடிப்பு ஆகியவை தோன்றலாம். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருக்கக்கூடும். இங்குள்ள மருத்துவர் டெங்கு, மலேரியா, டைபாய்டு ஆகியவற்றையே முதலில் எண்ணுவார். "இன்ன நாளில் அமெரிக்கக் காட்டில் தங்கினோம்" என்ற ஒரு வரியை நீங்கள் சொன்னால் போதும். சோதனையின் திசை மாறும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இந்நோய் குணமாகும். அதேபோல், அங்கு சென்ற சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், இந்தியாவிலிருந்து வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யார் காத்திருக்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ நிகழ்ந்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், முன்னறிகுறியின்றி அடிக்கடி சர்க்கரை இறங்குவோர் ஆகியோர் எங்களைக் கலந்து பேசாமல் முடிவெடுக்க வேண்டாம். பகலில் மட்டும் சென்று மாலையில் திரும்புவதும் ஒரு நல்ல வழியே.

பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்

இறுதியாக, எங்கள் அனுபவத்தில் நாங்கள் பெரிதும் அஞ்சுவது கரடியையும் உண்ணியையும் அன்று. "எனக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லையே. மருமகனுக்கோ மருமகளுக்கோ தொந்தரவாக இருக்கக் கூடாது என எண்ணி, மாத்திரை வேளையை மறைப்போரும், பசியை அடக்குவோரும், மயக்கம் வரும்போது "சற்றுப் படுத்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்குவோரும் உண்டு. நீங்கள் மறைப்பது அன்பினால் என்று எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நடுஇரவில், காட்டின் நடுவே, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என ஒன்றும் அறியாமல் தவிக்கும் நிலையில் பிள்ளைகளை நிறுத்துவதே பெரிய தொந்தரவு.

புறப்படுவதற்கு முதல் நாள் எல்லோரையும் அமர வைத்து, மருந்துகளின் பொதுப் பெயரும் அளவும் எழுதிய தாளைக் காட்டுங்கள். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பாராசிட்டமாலையே அங்கு அசிட்டமினோஃபென் என்பர். குளுக்கோமீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் வயதானால், குளுக்கோஸ் இருக்கும் டப்பாவை அவர்களின் பொறுப்பில் விடுங்கள். "தாத்தாவுக்கு வியர்த்தால் இதைக் கொடுக்க வேண்டும்" என்று தெரிந்த ஒரு குழந்தை அருகில் இருந்தால், அக்காட்டில் நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்.

சென்று வாருங்கள். திரும்பி வந்ததும் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, உங்கள் சர்க்கரை அளவுகளைக் குறித்த ஏட்டையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.