கலக்கக் கலக்கப் பிரியும் கலவை

பெயின்ட் ஆலையின் வட்டத் தொட்டியில் துடுப்பு வேகமாகச் சுழன்றால் மட்டும் கலவை ஆகிவிடாது. திரவம் மொத்தமும் ஒன்றாகச் சுற்றி வரும், நடுவே சுழிப்பள்ளம் விழும், ஆனால் பக்கத்துப் பக்கத்துத் துளிகள் இடம் மாறுவது குறைவு. அதனால் தொட்டியின் உட்சுவரில் நான்கு செங்குத்துத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் தொட்டி விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சுழலும் திரவம் அவற்றில் மோதி மேலும் கீழும் புரள்வதுதான் உண்மையான கலப்பு.

ரப்பர் அப்படிப் புரளாது, பிசைய வேண்டும். ஃபெர்ன்லி பேன்பரி 1916இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், மூடிய அறைக்குள் எதிரெதிராகச் சுழலும் இரு தண்டுகள் ரப்பரையும் கார்பன் கரியையும் சேர்த்துப் பிசைகின்றன. டயர் ஆலைகள் இன்றும் அந்த வகையைத்தான் நம்பியிருக்கின்றன.

பொடிகளின் குணமே வேறு. மிக்சர் டப்பாவைத் திறந்தால் கடலை மேலே கிடக்கும், ஓமப்பொடித் தூள் அடியில் இருக்கும். குலுங்கும்போதெல்லாம் சிறு துகள் இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. பெரியது மேலே ஏறுகிறது. சுழலும் உருளையில் இட்ட இரு அளவுத் துகள்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றதை ஜப்பானில் ஓயாமா 1939இலேயே பதிவு செய்தார். கலக்குவதற்கான இயந்திரமே பிரித்தும் வைக்கும்!

மருந்து ஆலைக்கு இது விளையாட்டல்ல. தைராய்டு மாத்திரையில் மருந்து 50 அல்லது 100 மைக்ரோகிராம்தான். மற்றதெல்லாம் நிரப்புப் பொருள். மருந்தை முதலில் அதே அளவு நிரப்புப் பொருளோடு கலந்து, பிறகு அந்தக் கலவையின் அளவுக்கு இன்னொரு பங்கு சேர்த்து, இப்படி இரட்டித்துக்கொண்டே போவது பழைய, நம்பகமான முறை. அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் கடைசியில்தான் வரும்; அதைச் சில நிமிடங்களே கலக்குவார்கள். அதிகம் கலக்கினால் அந்த வழுவழுப்பான பொடி ஒவ்வொரு துகளையும் போர்த்திவிடும். பிறகு மாத்திரை எளிதில் உடையும், ஆனால் வயிற்றில் மெதுவாகவே கரையும்.

கான்கிரீட்டில் கேடு நேரத்தாலும் தண்ணீராலும் வருகிறது. லாரியில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் அதை இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 தரநிலையின் பொது விதி. இறுகலைத் தாமதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்த்தால் சற்றுத் தளர்வு உண்டு. போக்குவரத்து நெரிசலில் சிக்கி இறுகத் தொடங்கிய கலவையைத் தளத்தில் தண்ணீர் விட்டு இளக்குவது தவறு. கூடுதல் தண்ணீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளையாகும், வலிமை குறையும். இளக்க வேண்டுமானால் அதற்கென உள்ள வேதிக்கலவையை அளந்து சேர்க்கலாம். லாரியில் தொங்கும் குழாய் டிரம்மைக் கழுவுவதற்கு.