கல்லாச் சாவியும் கடவுச்சொல்லும்

கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் நாம், ஜி.எஸ்.டி. கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் பில் போடும் கம்ப்யூட்டரிலேயே சீட்டெழுதி ஒட்டி வைக்கிறோம். அதுவும் பெரும்பாலும் கடைப் பெயரும் 123-ம்தான்!

2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் திருடுபோயின. அவற்றில் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. திருடன் முதலில் போட்டுப் பார்ப்பதும் அதைத்தான். செல்போன் எண்ணும் உதவாது. அது நம் பில்லிலேயே அச்சாகியிருக்கிறதே!

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து நீளமாக வைக்கலாம். வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று. மின்னஞ்சல் பிறர் கைக்குப் போனால், அதன் வழியாகவே மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுவார்கள். கணக்கெழுதியவர் வேலையை விட்டு நின்றால், அவருக்குத் தெரிந்தவற்றை அன்றே மாற்றிவிட வேண்டும். நினைவில் நிற்காதவர்கள் நோட்டில் எழுதிக் கல்லாவில் பூட்டி வைக்கலாம், தவறில்லை.