எந்த ஆரணி? உங்கள் கோப்புக்குள் கம்ப்யூட்டர் தேடும் விதம்

ஆதார் இணையதளத்தில் ‘ஆஃப்லைன் இ-கேஒய்சி’ என்ற கோப்பை செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜிப் கோப்பாக வரும். திறக்க நீங்கள் வைத்த ஷேர் கோடு வேண்டும். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். பெயர், பிறந்த தேதி, ஊர், மாவட்டம், பின்கோடு என ஒவ்வொரு விவரத்துக்கும் சீட்டு ஒட்டி வைத்த எழுத்துக் கோப்பு அது. முழு ஆதார் எண் அதில் இருக்காது.

ஆரணியில் பட்டு நெய்யும் நீங்கள், ஒரு நலத்திட்டத்துக்கு இந்தக் கோப்பைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத் தரவுத்தளம் கட்டம் போட்ட பெரிய பதிவேடு மாதிரி. ஆளுக்கு ஒரு வரி. உங்கள் கோப்பு முழுசும் அந்த வரியில் ஒரே கட்டத்துக்குள் போய் உட்காரலாம். அப்புறம் ‘ஆரணிக்காரர்கள் யார் யார்?’ என்று எப்படிக் கேட்பது?

அதுக்குத்தான் எக்ஸ்பாத். 1999-ல் வந்த இந்த முறை கோப்புக்குள் வழி சொல்லும்: முகவரிப் பகுதிக்குப் போ, ஊர் என்ற சீட்டைப் படி. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் 2017 முதல் ‘எக்ஸ்எம்எல் டேபிள்’ என்ற வசதியும் இருக்கு. மடிச்ச புடவையைப் பிரிச்சுப் போடுற மாதிரி, ஒரே கட்டத்தில் கிடந்ததைப் பெயர், ஊர், பின்கோடு என்று தனித்தனிக் கட்டங்களாக விரிச்சுத் தரும்.

சிக்கல் ஊர் பெயரில்தான். ஆங்கிலத்தில் ஆரணியை நடுவில் ‘ஏ’ போட்டும் எழுதுறாங்க, போடாமலும் எழுதுறாங்க. மக்களவைத் தொகுதிப் பெயரில் அந்த எழுத்து உண்டு. ஆரணி ரோடு ரயில் நிலையப் பெயரில் கிடையாது. நமக்கு இரண்டும் ஒரே ஊர். எக்ஸ்பாத் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்; பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட அதுக்கு வேற வேற. ஒரு எழுத்தை வைத்துத் தேடினால், மற்ற விதமாக எழுதியவர் பட்டியலில் வரவே மாட்டார். போதாக்குறைக்கு திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருக்கு! அதனால் விவரம் தெரிந்தவர்கள் மாவட்டத்தையும் 632301 என்ற பின்கோடையும் சேர்த்தே தேடுவார்கள்.

கொடுப்பதற்கு முன்னாடி உங்கள் கோப்பில் ஊர், மாவட்டம், பின்கோடு மூன்றையும் ஒருமுறை பாருங்கள். தப்பாக இருந்தால் நீங்களே கோப்பில் திருத்திவிடாதீர்கள். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் செல்லாமல் போய்விடும். ஆதார் மையத்தில் முகவரியைத் திருத்தி, புதுக் கோப்பு இறக்கிக்கொள்ளுங்கள்.