நிலக்கடலையில் பாடுவாசி: குறை விதையிலா, நிலத்திலா?

நிலக்கடலை முளைத்து வந்ததும் வரிசைகளில் பாடுவாசி தென்பட்டால், விதை சரியில்லை என்று சொல்வது வழக்கம். சில வேளைகளில் குறை விதையில் இராது. நிலத்தின் ஒரு பகுதியில் இருக்கும். இதைப் பிரித்தறியாமல் மறு ஆண்டு விதையை மாற்றினால் பணம்தான் விரயம். பிரித்தறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. 1900-ஆம் ஆண்டில் கார்ல் பியர்சன் என்ற அறிஞர் வகுத்த கை-வர்க்கச் சோதனையே அது.

எண்ணும் முறை

வயலை ஆறு சம பாகங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விதைத்த 12-ஆம் நாள், ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் ஒரு வரிசையில் 10 மீட்டர் நீளம் அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. இடைவெளியில் விதைத்திருந்தால் அதில் 100 விதைகள் இருக்கும். அவற்றில் முளைக்காதவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளவும். பாடுவாசி மிகுந்த இடமாகத் தேடிப் பிடித்து எண்ணக் கூடாது.

கணக்கு

ஒரு வயலில் 18, 24, 22, 16, 25, 15 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 120, சராசரி 20. ஒவ்வோர் எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 90 வரும். இதைச் சராசரியால் வகுத்தால் 4.5.

ஆறு பாகங்களுக்கு அட்டவணை தரும் எல்லை 11.07. நம் விடை அதற்குக் கீழே இருப்பதால், பாடுவாசி ஓரிடத்தில் குவிந்துள்ளது என்று சொல்ல ஆதாரமில்லை.

மற்றொரு வயலில் 12, 14, 13, 17, 20, 44. மொத்தமும் சராசரியும் அவையே. ஆனால் விடை 36.7. எல்லையைத் தாண்டிவிட்டது. ஆறாம் பாகத்தில் தனிக் காரணம் இருக்கிறது.

நான்கு பாகங்களாகப் பிரித்தால் எல்லை 7.81, எட்டானால் 14.07. விடை எல்லையை ஒட்டி நின்றால் ஒவ்வொரு பாகத்திலும் இன்னும் சில வரிசைகளை எண்ணுங்கள்.

கணினியில்

‘ஆர்’ என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருளில் ஆறு எண்களையும் இட்டு, கை-வர்க்கச் சோதனைக்கான கட்டளையைக் கொடுத்தால் விடை உடனே வரும். கூடவே நிகழ்தகவு ஒன்றும் வரும். அது 0.05-க்குக் கீழே இருந்தால் பரவல் சீராக இல்லை என்று கொள்ளவும். முதல் வயலுக்கு 0.48 வரும். அதாவது, குறை சீராகப் பரவிய வயல்கள் நூற்றில் 48-இல் தற்செயலாகவே இவ்வளவோ இதைவிட அதிகமோ ஏற்றத்தாழ்வு காணப்படும்.

எண்ணிக்கையை அப்படியே இடவேண்டும். சதவீதமாக மாற்றக் கூடாது. சராசரி 5-க்குக் குறையாதிருப்பது நல்லது.

செய்ய வேண்டியது

குறை ஓரிடத்தில் குவிந்திருந்தால் அந்தப் பாகத்தில் நீர் தேங்கியதா, மண் இறுகியதா, கரையான் உண்டா, விதை ஆழமாக விழுந்ததா என்று பாருங்கள். சீராகப் பரவியிருந்தால் உடனே விதையைக் குறை கூறிவிடாதீர்கள். வயல் முழுவதும் ஈரம் போதாமலிருந்தாலும் இப்படியே வரும். மீந்த விதையில் 100 எடுத்து ஈரமணலில் முளைக்க வையுங்கள். சான்று விதையில் 70-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும்.

ஆகவே விதைப்பின்போது ஒரு கைப்பிடி விதையைத் தனியே எடுத்து வைக்க மறவாதீர்கள்.